தண்ணீர் போகும் வழி

என் காடி (கார்) 1990இல் ஜப்பானில் செய்த யூனோஸ் ரோட்ஸ்டர். வெளிநாடுகளில் இதையேதான் மஸ்டா எம்எக்ஸ்-5 என்று விற்றார்கள், அமெரிக்காவில் மியாட்டா. 1989 பிப்ரவரியில் சிக்காகோ கண்காட்சியில் வெளிவந்த முதல் தலைமுறை, முன்விளக்குகள் மேலே எழும்பிவரும் மாடல். 1597 சிசி, 120 குதிரைத்திறன், எடை ஒரு டன்னுக்கும் குறைவு. இங்கே மலேசியாவில் ரோடு டேக்ஸ் வருடத்துக்கு 90 வெள்ளிதான். வீட்டில் இந்தக் கடைசித் தகவலை மட்டும் அடிக்கடி காதில் போட்டு வைக்கிறேன்.

பினாங்கு சுங்கை ஆராவில் எங்கள் தெரஸ் வீட்டுப் போர்ச்சில்தான் வேலை நடக்கிறது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடித்து வந்து, தூங்கி எழுந்து, வெயில் தாழ்ந்த பிறகு ஸ்பானரைக் கையில் எடுப்பேன். அப்பா லோரி மெக்கானிக்காக இருந்தவர். பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். "ஏம்மா, ரெண்டு பேர் ஒக்கார்ற காடிக்கு இவ்வளவு சாமானா?" என்பார். ஆனால் எந்த போல்ட் எந்த டப்பாவில் கிடக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

இஞ்சினைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. முரட்டு இஞ்சின். டைமிங் பெல்ட் அறுந்தாலும் வால்வு பிஸ்டனில் போய் இடிக்காது. இதே குடும்பத்து இஞ்சின் பழைய மஸ்டா 323, ஃபோர்டு லேசரிலும் இருந்ததால் சில சாமான்கள் இங்கேயே கிடைத்துவிடும். பெல்ட், வாட்டர் பம்ப், ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டேன்.

ஒரு எண்ணெய்க் கசிவு மட்டும் கொஞ்சம் ஆட்டம் காட்டியது. கியர்பாக்ஸ் பக்கம் சொட்டிக்கொண்டே இருந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் கீழிருந்து பார்த்துவிட்டு, "பின் சீல் போச்சு, கியர்பாக்ஸை இறக்கணும்" என்று பெரிய தொகை சொன்னார்கள். வீட்டில் இஞ்சினைத் துடைத்துவிட்டு மேலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால், கசிவு இஞ்சினின் பின் உச்சியில் இருக்கும் கேம் ஆங்கிள் சென்சாரில் தொடங்குகிறது. அங்கே எண்ணெயை அடைத்து நிறுத்தும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் இறுகிக் கல்லாகிக் கிடந்தது. அங்கிருந்து வழிந்த எண்ணெய்தான் கியர்பாக்ஸ் மேல் விழுந்திருக்கிறது. சென்சாரைப் பிடித்திருப்பது ஒரே ஒரு 12 மில்லிமீட்டர் போல்ட். கழற்றுமுன் அது நிற்கும் இடத்தில் கோடு கிழித்துக்கொள்ள வேண்டும், கொஞ்சம் திரும்பினாலும் இக்னிஷன் டைமிங் மாறிவிடும். ஓ-ரிங்கின் விலை ஒரு தே தாரிக் (பால் டீ) அளவுக்குக்கூட வரவில்லை.

என் நேரத்தையும் காசையும் உண்மையில் தின்றது மழைத் தண்ணீர். துணிக்கூரையில் விழும் மழை பின்பக்கம் வழிந்து, கூரையின் அடியில் இருக்கும் கால்வாய் மாதிரியான பட்டையில் சேரும். அங்கிருந்து இரண்டு இருக்கைகளுக்கும் பின்னால், மூலைக்கு ஒன்றாக இருக்கும் துளைகளில் இறங்கி, குழாய் வழியாகப் பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் தரைக்குப் போய்விடும். துளை அடைக்காதவரை பிரச்சினை இல்லை. முன்பு வைத்திருந்தவர் அங்சானா மரத்தடியில் நிறுத்துவாராம். அந்த மஞ்சள் பூவெல்லாம் உள்ளே போய் மக்கிச் சேறாகி இரண்டு துளைகளையும் மூடியிருந்தது. போக வழியில்லாத தண்ணீர் கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும், ‘சில்’ (sill) என்னும் உள்ளீடற்ற தகட்டுப் பகுதிக்குள் இறங்கும், உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயிண்டில் ஒரு சின்னக் கொப்புளம் தெரியும்போது உள்தகடு போய்விட்டிருக்கும். பனிக்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டும் ஊர்க்காரர்கள் காடியின் அடிப்பக்கத்தைப் பார்த்துக் கவலைப்படுவார்கள். நமக்கு அடிப்பக்கம் பெரும்பாலும் தப்பிக்கும், இந்த மூலைதான் ஆபத்து.

என் காடியில் அந்தக் கொப்புளம்கூடத் தெரியவில்லை. யாரோ மேலே புட்டி (ஓட்டையை நிரப்பும் பசை) பூசிப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். காந்தத்தை வைத்தேன், ஒட்டவில்லை, அடியில் நல்ல தகடு இல்லை என்று அர்த்தம். ஜெலுத்தோங்கிலிருந்து வந்த வெல்டிங் அங்கிள் ஸ்க்ரூடிரைவரால் ஒரு குத்துக் குத்தினார், பிடிவரைக்கும் உள்ளே போனது. "அடிக் (தங்கச்சி), இதைப் பூசக் கூடாது, வெட்டணும்" என்றார். வெட்டினோம். இந்தக் காடியில் பெட்ரோல் டேங்க் இருக்கைக்குப் பின்னாலேயே இருப்பதால், வெல்டிங் தொடங்குமுன் அதை முழுதாக இறக்கி வெளியே வைத்தோம். பின் பெட்டியில் இருக்கும் பேட்டரியும் வெளியே. கார்ப்பெட், இருக்கை எல்லாம் வீட்டு ஹாலுக்குப் போயின, அத்தை ஒன்றும் சொல்லவில்லை, அதுவே பெரிய விஷயம். மெல்லிய தகடு என்பதால் அங்கிள் ஒரே கோடாக இழுக்காமல், இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி என்று வைத்துக்கொண்டு போனார். சூடு ஒரே இடத்தில் சேர்ந்தால் தகடு நெளியும். முடிந்ததும் சில்லுக்குள் நீளக் குழாயை விட்டு மெழுகு அடித்தேன்.

துளையைச் சுத்தம் செய்யக் கம்பியை விடாதீர்கள், குழாய் கிழிந்துவிடும். புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் கயிறு போதும், மெதுவாகச் சுழற்றினால் சேறு இளகி வரும். காற்றடித்தால் குழாய் கழன்றுவிடும் அபாயம் உண்டு.

இப்போது பெயிண்டுக்கு அவசரப்படவில்லை. டர்போ போடு, ஹாஃப்-கட் (பாதியாக வெட்டி இறக்குமதியாகும் பழைய காடி) இஞ்சின் வாங்கி மாற்று என்று யோசனை சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். இஞ்சினை மாற்றினால் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிய வேண்டும் என்பது ஒருபுறம். தெலுக் பகாங்கிலிருந்து பாலிக் புலாவ் போகும் வளைவுகளில் இந்த 120 குதிரைக்கே வேலை சரியாக இருக்கும் என்பது என் கணக்கு. அக்டோபர் மழை முழுதாக ஒருமுறை கொட்டி, கார்ப்பெட் காய்ந்தே இருந்தால், அப்புறம் நிறத்தைப் பற்றிப் பேசலாம். அப்பா இப்போதே சிவப்பு என்று முடிவு செய்துவிட்டார்.

இந்த மாடலை வாங்கப் போகிறவர்கள் ஒரு காந்தமும் ஒரு போத்தல் தண்ணீரும் கொண்டுபோங்கள். இருக்கைக்குப் பின்னால் இருக்கும் மூலையில் மெதுவாக ஊற்றிவிட்டுக் குனிந்து பாருங்கள். பின் சக்கரத்துக்கு முன்னால் தண்ணீர் சொட்டவில்லை என்றால், இரண்டு சில்லுக்குமான வெல்டிங் கூலியைக் கழித்துக்கொண்டு பேரத்தைத் தொடங்குங்கள்.