அந்த ஏழு நாள்

மார்பகப் புற்றுக்கான பால்போசிக்ளிப் மாத்திரை வாங்க என் மருந்துக் கவுண்டருக்கு வருகிறவர்களிடம் நான் பாடுவது எப்போதும் ஒரே பாட்டுதான். 21 நாள் தினம் ஒன்று, சாப்பாட்டோடு. அப்புறம் 7 நாள் கிடையாது. கூடவே போடும் இன்னொரு மாத்திரையான லெட்ரோசோலை மட்டும் ஒரு நாளும் விடக் கூடாது. அடுத்த சுற்றுக்கு முன்னால் ரத்தம் பார்க்கணும், காய்ச்சல் அடித்தால் உடனே வரணும். 2023 ஜனவரியில் காப்புரிமை முடிந்து, நம் நாட்டுக் கம்பெனிகளின் மாத்திரை வந்து விலை இறங்கியதிலிருந்து இந்தப் பாட்டை அடிக்கடி பாட வேண்டியிருக்கிறது. எல்லோரும் தலையாட்டுவார்கள். அந்த ஆச்சி ஆட்டவில்லை.

"எய்யா, மூணு வாரம் மடைய அடச்சிட்டு ஒரு வாரம் தெறந்துவிட்டா தண்ணி பாயத்தான செய்யும்?"

கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் பிசான நெல் போட்டுப் பழகியவர். கவுண்டரில் வரிசை நிற்கிறது. மகன் பில்லைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார். நான் சொன்னேன்: "அந்த வாரமும் மத்த மாத்திரை ஓடுதுல்லா ஆச்சி, அது பாத்துக்கிடும்." அவர் "சரிய்யா" என்று பையை வாங்கிக்கொண்டார்.

இதில் பொய் ஒன்றும் இல்லை. அவருக்கு வந்திருக்கும் வகை மார்பகப் புற்றில், செல் பிரிவதற்கான தூண்டுதல் ஈஸ்ட்ரோஜனிலிருந்து வருகிறது. அது சைக்ளின் டி என்ற புரதத்தைக் கூட்டும். சைக்ளின் டி வந்து சேர்ந்ததும் சிடிகே 4, சிடிகே 6 என்ற இரண்டு கைனேஸ் நொதிகள் ஆர்பி என்ற புரதத்தின் மேல் பாஸ்பேட்டை ஏற்றும். டிஎன்ஏவைப் படியெடுக்க விடாமல் செல்லைப் பிடித்து வைத்திருப்பது ஆர்பிதான்; பாஸ்பேட் ஏறியதும் பிடி தளர்ந்து செல் பிரியக் கிளம்பிவிடும். பால்போசிக்ளிப் அந்தக் கைனேஸ்களில், பாஸ்பேட்டைக் கொடுக்கும் ஏடிபி உட்காரும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. லெட்ரோசோல் அதற்கும் மேலே, மாதவிடாய் நின்றவர்களின் உடலில் ஈஸ்ட்ரோஜன் உண்டாவதையே குறைக்கிறது. ஒன்று ஒரு வாரம் இல்லாவிட்டாலும் இன்னொன்று இருக்கிறது. நான் சொன்னது அதைத்தான்.

ஆனால் ஆச்சி கேட்டது அதையா? அந்த 7 நாள் எதற்கு என்றல்லவா கேட்டார். எலும்பு மஜ்ஜையில் வெள்ளணுக்களை உண்டாக்கும் செல்களும் சிடிகே 6 இருந்தால்தான் ஒழுங்காகப் பிரியும். மாத்திரை அவற்றையும் நிறுத்திவிடுகிறது. கீமோ மாதிரி கொல்வதில்லை என்பதால், மாத்திரையை விட்டதும் அவை மறுபடி பிரியும், வெள்ளணு ஏறும். அதற்காக விட்ட வாரம் அது. கட்டியைப் பார்த்து வைத்தது அல்ல. மஜ்ஜை எழுந்திருக்கும் அதே வாரத்தில் கட்டி மட்டும் ஏன் படுத்தே கிடக்க வேண்டும்? புற்றுச் செல்களில் ஒரு பங்கு, பிரியும் திறனையே இழந்து மூப்பு நிலைக்குப் போய்விடுகிறது. எல்லாம் அப்படிப் போவதில்லை. இதே வகையில் அபெமாசிக்ளிப் என்று ஒன்று உண்டு. அது சிடிகே 4ஐத்தான் அதிகம் பிடிக்கும், வெள்ளணுவை அவ்வளவு இறக்காது, அதனால் இடைவெளியே இல்லாமல் தினமும் இரண்டு வேளை கொடுக்கிறார்கள். (அதில் வயிற்றுப்போக்குத் தொல்லை தனி.) ஆக, ஆச்சியின் கேள்வி ஒன்றும் தெரியாதவர் கேட்ட கேள்வி இல்லை.

இதையெல்லாம் கவுண்டரில் நின்று சொல்ல முடியுமா? சொன்னால், அந்த ஏழு நாளும் மாத்திரையை விடாமல் போட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வெள்ளணு அடியோடு இறங்கினால் சாதாரணக் காய்ச்சலே ஆபத்தாகிவிடும். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனாலும் ஆச்சி அப்படிச் செய்கிறவர் என்று நினைக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை.

அடுத்த முறை ரத்தத்தில் வெள்ளணு குறைந்திருந்தது. டாக்டர் இன்னொரு வாரம் தள்ளிவைத்து, 125 மில்லிகிராமை 100 ஆக்கினார். சீட்டை நீட்டிக்கொண்டே ஆச்சி, "இப்பம் ரெண்டு வாரம் தெறந்து கெடந்துட்டு" என்றார். கோபமெல்லாம் இல்லை, கணக்குதான் சொன்னார். அளவைக் குறைத்தவர்களுக்குப் பலன் குறைந்துவிடவில்லை என்று ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள், அதைச் சொன்னேன். முதல் தடவையே முழுசாகச் சொல்லியிருந்தால் இதை நம்பியிருப்பாரோ என்னவோ. அன்றைக்கு அது வெறும் ஆறுதலாகத்தான் அவர் காதில் விழுந்திருக்கும். வெளியே போகும்போது மகன் என்னிடம், "தம்பி, அம்மாட்ட ரொம்ப வெளக்காதீய, ராத்திரி தூங்க மாட்டேங்கா" என்றார். நான் போதிய அளவு விளக்கவில்லை என்று மனதுக்குள் அரித்துக்கொண்டிருக்க, அவருக்கு அதுவே அதிகமாகப் பட்டிருக்கிறது.

இப்போதெல்லாம் ரத்தத்துக்காகத்தான் அந்த ஏழு நாள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பெண் உடனே, "அப்பம் தெனமும் போடுத மாத்திரை இருக்காமே, அதுதான் நல்லதா சார்?" என்று கேட்டார். டாக்டரிடம் கேளுங்கள் என்று அனுப்பினேன். எந்த மருந்து என்று முடிவு செய்வது என் வேலை இல்லைதான். ஆச்சியையும் அப்படி அனுப்பியிருக்கலாம். அனுப்பியிருந்தால் டாக்டரும் லெட்ரோசோலைத்தான் சொல்லியிருப்பார்.