குற்ற ஒப்புதல் தாளில் இருந்த ஒரு தொகை

2018 டிசம்பரில், அம்பாசமுத்திரத்தில் அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்தை முடித்துவிட்டு சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் வந்திறங்கினேன். விரல்ரேகையைப் பதிந்துகொண்ட அதிகாரி திரையைச் சற்று நேரம் படித்துவிட்டு, என் கிரீன் கார்டைத் திருப்பித் தராமல் ஒரு மஞ்சள் உறையில் போட்டு, உள்ளே இருந்த மற்றோர் அறைக்குப் போகச் சொன்னார். அங்கே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். "உங்களுக்கு எப்போதாவது குற்றத் தண்டனை விதிக்கப்பட்டிருக்கிறதா?" என்று கேட்டபோது, "ஒன்று இருந்தது, அது தள்ளுபடியாகிவிட்டது" என்று மிகுந்த நம்பிக்கையுடன் பதில் சொன்னேன். ஜனவரியில் நீதிமன்ற ஆவணங்களுடன் நேரில் வர வேண்டும் என்று ஒரு தாளைக் கொடுத்து வெளியே விட்டார்கள். இப்படி வருபவர்களைக் காவலில் வைக்கச் சட்டத்தில் இடமுண்டு என்பதை நான் பின்னால்தான் அறிந்தேன். அன்றிரவு வீட்டுக்குப் போக முடிந்தது என் நல்ல நேரம்.

நடந்த குற்றத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2001இல் எச்-1பி விசாவில் கலிஃபோர்னியாவுக்கு வந்தேன். 2009இல் கிரீன் கார்டு கிடைத்தது. 2012 இறுதியில் வேலை போனது. மாநில அரசின் வேலையின்மை உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன். வாரத்துக்கு 450 டாலர் வந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். அதில், இந்த வாரங்களில் ஏதாவது வேலை செய்தீர்களா, பணம் ஈட்டினீர்களா என்று ஒரு கேள்வி இருக்கும். 2013 பிப்ரவரியில் நண்பர் ஒருவரின் சிறிய நிறுவனத்துக்கு நிரல் எழுதிக் கொடுக்கத் தொடங்கினேன். வீட்டுக் கடன் தவணை, மகளின் பள்ளிச் செலவு, ஊரில் அம்மாவின் மருத்துவச் செலவு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நெருக்கிய காலம் அது. அந்தக் கேள்விக்கு நேரே "இல்லை" என்று குறித்தேன். செப்டம்பர் வரை மொத்தம் பதினேழு படிவங்களில் அப்படியே குறித்தேன். நிரந்தர வேலை கிடைக்கும் வரைதான், பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஊதியப் பதிவுகளையும் உதவித்தொகைப் பதிவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது அகப்பட்டுக்கொண்டேன். பதினேழு படிவங்கள், படிவத்துக்கு 900 டாலர். ஆக 15,300 டாலர். இதற்கு மேல் 30 விழுக்காடு அபராதமும் விதித்தார்கள்.

2015இல் வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தது. என் வழக்கறிஞர் திறமையானவர் என்று பெயரெடுத்தவர். சிறைக்குப் போக வேண்டியதில்லை, மூன்றாண்டு ப்ரொபேஷன் (சிறைக்குப் பதிலான நன்னடத்தைக் கண்காணிப்பு), பணத்தைத் திருப்பிக் கட்டினால் போதும் என்று ஓர் உடன்பாட்டைப் பேசி முடித்தார். அந்த உடன்பாட்டின்படி பதினேழு படிவங்களும் ஒரே குற்றச்சாட்டாகத் தொகுக்கப்பட்டன. இழப்பு 15,300 டாலர் என்று தாளிலேயே எழுதப்பட்டது. கையெழுத்திடுவதற்கு இரண்டு நாள் முன்பு அவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன்: இதனால் என் கிரீன் கார்டுக்கு ஏதாவது ஆகுமா? பதில் ஒரே வரியில் வந்தது. "சிறை இல்லை, கவலைப்படாதீர்கள்." குற்ற ஒப்புதல் தாளில் பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கட்டங்கள் இருக்கும், ஒவ்வொன்றின் ஓரத்திலும் முதலெழுத்தைப் போட வேண்டும். குடிமகன் அல்லாதவருக்கு நாடுகடத்தல், மீண்டும் நுழைய அனுமதி மறுப்பு, குடியுரிமை மறுப்பு ஆகிய விளைவுகள் ஏற்படலாம் என்று ஒரு கட்டம் சொன்னது. நீதிபதியும் அதையே வாய்விட்டுப் படித்தார். எல்லோருக்கும் படிக்கிற சடங்குதானே என்று எண்ணி, அந்தக் கட்டத்திலும் முதலெழுத்தைப் போட்டேன்.

பணத்தை முழுவதும் கட்டி முடித்தேன். 2017இல் ப்ரொபேஷனை முன்கூட்டியே முடித்துவைத்த நீதிமன்றம், மாநிலச் சட்டப்படி வழக்கையும் தள்ளுபடி செய்தது. விமான நிலையத்தில் நான் நம்பிச் சொன்ன தள்ளுபடி இதுதான். குடியேற்றச் சட்டத்தில் 'குற்றத் தண்டனை' (கன்விக்‌ஷன்) என்பதற்குத் தனி வரையறை இருக்கிறது: குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஏதாவது ஒரு தண்டனையோ கட்டுப்பாடோ விதிக்கப்பட்டிருந்தால், அது குற்றத் தண்டனைதான். நன்னடத்தைக்காக மாநிலம் பின்னால் அதைத் துடைத்துவிட்டாலும் மத்தியச் சட்டத்தின் கண்ணுக்கு அது அப்படியே நிற்கும்.

ஓக்லாந்தில் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் போனோம். அந்த அம்மையார் என் தாள்களைப் படித்து முடிக்கும் வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு பென்சிலை எடுத்து 15,300 என்ற எண்ணைச் சுற்றி வட்டமிட்டு, "உங்கள் பிரச்சினை தண்டனை அல்ல, இந்த எண்" என்றார்.

அன்று அவர் விளக்கியதை என் சொற்களில் தருகிறேன். மோசடிக் குற்றம் குடிமகன் அல்லாதவரை இரண்டு வலைகளில் சிக்க வைக்கிறது. முதலாவது, ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றம் என்ற பழைய வகை. மோசடி இருந்தால் அது இந்த வகையில்தான் சேரும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1951இல் ஜோர்டன் எதிர் டி ஜார்ஜ் வழக்கிலேயே தீர்மானித்துவிட்டது. நாட்டுக்குள் இருப்பவரை இதற்காக வெளியேற்ற வேண்டுமானால், நுழைந்து ஐந்து ஆண்டுகளுக்குள் செய்த குற்றமாக இருக்க வேண்டும், அதற்கு ஓராண்டோ அதற்கு மேலோ சிறை விதிக்க இடமிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெவ்வேறான இரண்டு குற்றங்கள் இருக்க வேண்டும். நான் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துச் செய்த ஒரே குற்றம் என்பதால், நாட்டை விட்டு நகராமல் இருந்திருந்தால் இந்த வலை என்மேல் விழுந்திருக்காது. வெளியே போய்த் திரும்பியவருக்கோ வேறு கணக்கு. இத்தகைய குற்றம் இருந்தால், கிரீன் கார்டு வைத்திருப்பவரையும் புதிதாக நுழைய அனுமதி கேட்பவராகவே சட்டம் நடத்துகிறது. அனுமதி மறுப்புக்கு ஐந்தாண்டுக் கணக்கெல்லாம் கிடையாது. அம்மாவின் காரியத்துக்குப் போனது என்னை அந்த நிலைக்குத் தள்ளியது. போகாமல் எப்படி இருந்திருக்க முடியும்?

இரண்டாவது வலை இன்னும் கொடியது. 'அக்ரவேட்டட் ஃபெலனி', அதாவது கடுங்குற்றம் என்று குடியேற்றச் சட்டம் தனியாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. மோசடியோ வஞ்சகமோ சார்ந்த குற்றத்தில் பாதிக்கப்பட்டவருக்கு நேர்ந்த இழப்பு 10,000 டாலரைத் தாண்டினால் அதுவும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிடும். 1994இல் இந்த வரம்பு 2,00,000 டாலராக இருந்தது. 1996ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஒரே வெட்டில் பத்தாயிரமாகக் குறைத்தது. எத்தனை நாள் சிறை என்பது இங்கே ஒரு பொருட்டே அல்ல. ஒருநாள்கூடச் சிறையில் இராதவரும் இதில் சிக்குவார். சிக்கிவிட்டால், நீண்டகாலக் குடியிருப்பாளர்களுக்கு நீதிபதி காட்டக்கூடிய சலுகையைக் கேட்கவே வழியில்லை. குடியுரிமைக்கான நன்னடத்தைத் தகுதியும் நிரந்தரமாகப் போய்விடும்.

இழப்புத் தொகையை எங்கிருந்து எடுப்பார்கள் என்பதற்கு இந்தியாவிலிருந்து வந்து குடியேறிய ஒருவரின் வழக்கே முன்னுதாரணம். நிஜாவன் எதிர் ஹோல்டர் வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம், நடுவர் குழு (ஜூரி) தொகையை முடிவு செய்திருக்க வேண்டியதில்லை என்றும், தண்டனை விதிக்கும் கட்டத்தில் ஏற்றுக்கொண்ட தொகை, திருப்பிக் கட்டும்படி இட்ட ஆணை ஆகியவற்றையே பார்க்கலாம் என்றும் சொன்னது. அவருடைய வழக்கில் அந்தத் தொகை 68 கோடி டாலருக்கும் மேல், எனக்குப் பதினைந்தாயிரம். சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒரே பட்டியல். ஆனால் அதே தீர்ப்பில், இழப்பு தண்டிக்கப்பட்ட குறிப்பிட்ட குற்றச்சாட்டோடு கட்டப்பட்டதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. அந்த அம்மையார் பிடித்துக்கொண்ட நுனி அதுதான். கலிஃபோர்னியா அடங்கும் ஒன்பதாவது வட்டத்தின் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம், 2002இல் சாங் என்பவரின் வழக்கில், அவர் ஒப்புக்கொண்டது 605 டாலர் காசோலை ஒன்றை மட்டுமே என்பதால், திருப்பிக் கட்டச் சொன்ன தொகை முப்பதாயிரத்தைத் தாண்டியிருந்தும் கடுங்குற்றம் ஆகாது என்று தீர்ப்பளித்திருந்தது. "உங்கள் வழக்கறிஞர் பதினேழில் ஒரு படிவத்துக்கு மட்டும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்து, பணத்தை முழுவதும் கட்டச் சொல்லியிருந்தால், நாம் இன்று இப்படிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்" என்றார்.

ஜனவரியில் நேரில் போனபோது, குடியேற்ற நீதிமன்றத்தில் ஆஜராகும்படி அறிவிப்பைக் கையில் கொடுத்தார்கள். அந்த நீதிமன்றத்தில் அரசு செலவில் வழக்கறிஞர் தர மாட்டார்கள்; எல்லாம் சொந்தச் செலவு. அதற்கிடையில் என் கார்டும் காலாவதியானது. இறுதி ஆணை வரும் வரை நிரந்தரக் குடியிருப்பாளர் என்ற தகுதி போய்விடுவதில்லை என்பதையும், அதற்கான தற்காலிக முத்திரையைக் கடவுச்சீட்டில் கேட்டு வாங்கலாம் என்பதையும் பலரும் அறிவதில்லை. அறியாமல் வேலையை இழந்தவர்களைச் சந்தித்திருக்கிறேன்.

வழக்கை வெல்ல முதலில் பழைய தண்டனையை உடைக்க வேண்டியிருந்தது. குற்ற ஒப்புதலால் நாடுகடத்தல் நேருமா என்பதை வழக்கறிஞர் கட்சிக்காரருக்குச் சரியாகச் சொல்வது அரசியலமைப்பு அளிக்கும் உரிமை என்று 2010இல் படில்லா எதிர் கென்டக்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. தண்டனைக் காலம் முடிந்தவர்களும் இதைக் காரணம் காட்டித் தண்டனையை ரத்து செய்யக் கேட்க வழி செய்யும் 1473.7ஆம் பிரிவு, கலிஃபோர்னியாவின் தண்டனைச் சட்டத்தில் 2017 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. விளைவு தெரிந்திருந்தால் ஒப்புக்கொண்டிருக்கவே மாட்டேன் என்று இப்போது சொல்வது மட்டும் போதாது. அப்போதே அந்தக் கவலை இருந்தது என்பதற்கு அந்தக் காலத்துச் சான்று வேண்டும். பழைய மடிக்கணினியை அலமாரியிலிருந்து எடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் துழாவினேன். "என்னங்க, இங்க பாருங்க" என்று அந்த ஒற்றை வரி மின்னஞ்சலைக் கண்டெடுத்தது என் மனைவிதான்.

2019 இறுதியில் மனு போட்டோம். அடுத்த மார்ச்சில் கோவிட் வந்து எல்லாம் முடங்கியது. 2021 மே மாதம் விவார் என்பவரின் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவுக்குச் சாதகமான விளக்கம் தந்தது; எங்கள் மனு அடுத்த மாதம் விசாரணைக்கு வந்தது. பழைய வழக்கறிஞர் சாட்சிக் கூண்டில் ஏறி, அந்தப் பதிலைத் தான் எழுதியதை மறுக்காமல் ஒப்புக்கொண்டார். அவர்மேல் எனக்கிருந்த கோபம் அன்று பாதியாகக் குறைந்தது. நீதிபதி மனுவை ஏற்றார். ஆணையின் ஒவ்வொரு சொல்லையும் அந்த அம்மையார் நின்று சரிபார்த்தார்: இரக்கத்தாலோ நன்னடத்தைக்காகவோ ரத்து செய்ததாக ஒரு சொல் இருந்தாலும் குடியேற்ற நீதிமன்றம் அதை மதிக்காது, சட்டக் குறைபாட்டால் ரத்து என்று தெளிவாக இருக்க வேண்டும்.

தண்டனை ரத்தானால் வழக்கு மறைந்துவிடாது, முதலிலிருந்து தொடங்கும். அரசு வழக்கறிஞர் அதைச் சிறு குற்றமாகக் குறைக்க இணங்கவில்லை. இணங்கியிருந்தால் சிறு குற்ற விலக்கின்கீழ் முதல் வலையிலிருந்தும் தப்பியிருப்பேன். ஆனால் ஒரே படிவம், ஒரே பதினைந்து நாள், 900 டாலர் என்ற குற்றச்சாட்டுக்கு ஒப்புக்கொண்டார். இந்த முறை தாளில் இருந்த ஒவ்வொரு கட்டத்தையும் படித்துவிட்டே முதலெழுத்தைப் போட்டேன். எழுத்தர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கடுங்குற்றம் நீங்கியதால், சலுகை கேட்கும் தகுதி திரும்பியது. ஐந்தாண்டு கிரீன் கார்டு, குற்றத்துக்கு முன்பாகச் சட்டப்படி நுழைந்து ஏழாண்டுத் தொடர்ச்சியான வசிப்பு, கடுங்குற்றம் இல்லாமை ஆகிய மூன்றும் இருந்தால் நாடுகடத்தலை ரத்து செய்யும்படி நீதிபதியிடம் கேட்கலாம். வாழ்நாளில் ஒருமுறைதான் இது கிடைக்கும். 2022 அக்டோபரில் விசாரணை நடந்தது. வரித்தாள்கள், முழுப் பணத்தையும் கட்டிய ரசீதுகள், மகளின் கடிதம், முதலாளியின் கடிதம் என்று முந்நூறு பக்கக் கோப்பு. அரசுத் தரப்பு வழக்கறிஞர் அதில் எதையும் கேட்கவில்லை.

"தண்டனைத் தாளில் ஒரு படிவம்தான் இருக்கிறது. உண்மையில் எத்தனை முறை பொய் சொன்னீர்கள்?"

தயாரிப்பின்போதே அம்மையார் எச்சரித்திருந்தார்: தண்டனையின் வகையைத் தீர்மானிக்க ஒரு படிவம் போதும், ஆனால் சலுகை தரலாமா என்று எடைபோடும்போது நடந்த முழுவதையும் நீதிபதி பார்க்கலாம், அங்கே சுருக்கிச் சொன்னால் எல்லாம் போய்விடும். "பதினேழு முறை" என்றேன். ஏன் என்று நீதிபதியே கேட்டார். பணமுடை என்று சொல்லத் தொடங்கி, நிறுத்திக்கொண்டு, முதல் முறை அகப்படாததால் இரண்டாம் முறை எளிதாக இருந்தது என்று சொன்னேன். மனைவி பின்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டது கடைக்கண்ணில் தெரிந்தது. நாற்பது நிமிடத்தில் நீதிபதி வாய்மொழியாகவே தீர்ப்பைச் சொல்லிவிட்டார். மேல்முறையீடு செய்யப் போவதில்லை என்று அரசுத் தரப்பு அங்கேயே தெரிவித்ததால், அன்றே அது இறுதியானது.

2023இல் அண்ணன் மகள் திருமணத்துக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போதும் அதே உள்ளறைக்கு அனுப்பினார்கள். கைப்பையில் வைத்திருந்த ஆணையின் நகலைக் கொடுத்தேன். இருபது நிமிடத்தில் விட்டுவிட்டார்கள். இப்போது குடியுரிமைக்கான என்-400 படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறேன். எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா, குற்றம் சாட்டப்பட்டீர்களா என்ற கேள்விகளுக்கு, நீதிமன்றம் ரத்து செய்த வழக்கையும் சேர்த்தே பதில் சொல்ல வேண்டும். இரண்டு தண்டனை ஆணைகள், ஒரு ரத்து ஆணை, ஒரு தள்ளுபடி ஆணை என்று நான்கு சான்றிட்ட நகல்களை நீதிமன்ற எழுத்தரிடம் கேட்டிருக்கிறேன். அவை வந்து சேர்ந்ததும், படிவத்தை மனைவி ஒருமுறை படித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்திடுவேன்.