ஒரு கோடு மட்டும் தெரிந்த நாட்கள்

29 ஜூன் 2024, சனி

இன்று எனக்கு நாள் வர வேண்டிய தேதி. கடைசி மாதவிடாய் ஜூன் 1ஆம் தேதி தொடங்கியது. 28 நாள் கணக்கு எனக்குப் பெரும்பாலும் பிசகியதில்லை. ஆகவே விடிவதற்கு முன்பே எழுந்து, நேற்று மருந்துக்கடைக்காரர் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்த கர்ப்பப் பரிசோதனைக் கார்டைப் பிரித்தேன். ‘சி’, ‘டி’ இரண்டிலும் கோடு விழுந்தால் கர்ப்பம்; ‘சி’யில் மட்டும் விழுந்தால் இல்லை. குழியில் மூன்று சொட்டு சிறுநீர் விட்டதும் செந்நிற ஈரம் வெள்ளைப் பட்டையில் ஊர்ந்து, ‘டி’ என்ற இடத்தைக் கண்டுகொள்ளாமல் கடந்துபோய், ‘சி’ என்ற இடத்தில் மட்டும் அழுத்தமாக ஒரு கோடு போட்டது. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுக் குப்பைக்கூடையில் போட்டேன். பெட்டியின் மேல் 99 சதவீதத் துல்லியம் என்று அச்சிட்டிருந்தது. அதற்கு மேல் என்ன சந்தேகம்?

30 ஜூன், ஞாயிறு

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: காலையில் அந்தக் கார்டைக் கூடையிலிருந்து மறுபடி எடுத்துப் பார்த்தேன். ‘டி’ இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு நிழல் கோடு தெரிந்தது. உடனே மதினிக்குப் படம் அனுப்பினேன். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சுகாதாரச் செவிலியராக இருக்கும் அவர், இத்தகைய கார்டுகளை வாரந்தோறும் பார்ப்பவர். ஈரம் காய்ந்தபின் தோன்றும் தடம் அது என்றும், குறித்த நேரத்துக்குள் கண்ணில் படாத கோட்டைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். ஆனால் அதே மூச்சில், நேற்றைய ‘இல்லை’யையும் முடிவாக எடுத்துக்கொள்ளாதே என்றார். அது எனக்குப் புரியவில்லை.

3 ஜூலை, புதன்

இன்னும் வரவில்லை. பொறுமை இழந்து, மதியம் அலுவலகத்திலிருந்து வந்ததும் இரண்டாவது கார்டைப் போட்டேன். மீண்டும் ஒரே கோடு. அத்தை எள்ளுருண்டை பிடித்து வைத்திருந்தார். சூடு ஏறினால் தானாக வந்துவிடும் என்பது அவருடைய கணக்கு. மருந்துக்கடையிலோ, கேட்காமலேயே, வரவழைப்பதற்கு ஐந்து நாள் மாத்திரை இருக்கிறது என்றார்கள். கார்டு ‘இல்லை’ என்றதை நம்பி, மருத்துவரைக் கேட்காமல் அந்த மாத்திரையைப் போட்டுக்கொள்ளும் பெண்களை எண்ணித்தான் மதினிக்கு எப்போதும் கோபம். இரவு தொலைபேசியில் அரை மணி நேரம் எனக்குப் பாடம் நடத்தினார்.

அவர் சொன்னதை என் சொற்களில் எழுதுகிறேன். கார்டு கருவைத் தேடுவதில்லை. கரு கருப்பையின் சுவரில் ஒட்டிய பிறகு சுரக்கத் தொடங்கும் எச்.சி.ஜி. என்ற ஹார்மோனைத்தான் தேடுகிறது. கருமுட்டை வெளிவந்ததிலிருந்து கரு ஒட்டுவதற்கு ஆறிலிருந்து பன்னிரண்டு நாட்கள் வரை ஆகலாம். பெரும்பாலோருக்கு அது எட்டு முதல் பத்தாம் நாளில் நடக்கிறது. ஒட்டிய அன்று ஹார்மோன் மிகச் சொற்பம். பிறகு ஏறத்தாழ இரண்டு நாளுக்கு ஒருமுறை அது இரட்டிப்பாகிறது. கடையில் கிடைக்கும் கார்டுகளில் பல, ஒரு மில்லிலிட்டருக்கு 25 மில்லி சர்வதேச அலகு இருந்தால்தான் கோடு காட்டும். 12 இருந்தாலும் அவற்றுக்கு அது ‘இல்லை’தான். நானோ காலையிலிருந்து இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்துவிட்டுப் பார்த்திருக்கிறேன். இருந்த கொஞ்சமும் அதில் நீர்த்துப்போயிருக்கும்.

பிறகு, ஜூன் இரண்டாம் வாரம் காய்ச்சலில் படுத்திருந்தாயே என்று கேட்டார். உடம்பு சரியில்லாத மாதத்தில் கருமுட்டை தாமதமாக வெளிவரக்கூடும்; அப்படியானால் மாதவிடாயும் அதற்கேற்பப் பின்னால்தான் வரும், நான் ‘தள்ளிப்போன நாள்’ என்று எண்ணிக்கொண்டிருப்பது உண்மையில் தள்ளிப்போன நாளே அல்ல. எனக்கு உறைத்தது இந்த இடத்தில்தான்.

ஒன்றை மட்டும் மதினி இரண்டு முறை சொன்னார்: கார்டு எதைக் காட்டினாலும், அடிவயிற்றில் ஒருபக்கமாகக் கடும் வலியோ, மயக்கமோ, தோள்பட்டையில் வலியோ வந்தால் அந்த நேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும்; கரு கருப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கியிருந்தால் ஹார்மோன் குறைவாகவே ஏறுவதுண்டு.

4 ஜூலை, வியாழன்

தூக்கம் வராமல் படித்தேன். அமெரிக்காவின் வட கரோலினாவில் 1980களில் 221 பெண்களின் சிறுநீரை நாள்தோறும் சேகரித்துச் செய்த ஆய்வொன்றை வைத்து, ஆலன் வில்காக்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 2001இல் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்கள். மாதவிடாய் வர வேண்டிய முதல் நாளில், கர்ப்பமான பத்துப் பேரில் ஒருவருக்குக் கரு இன்னும் ஒட்டவே இல்லையாம். அன்று எவ்வளவு நுட்பமான சோதனையும் 90 சதவீதத்துக்கு மேல் கண்டுபிடிக்க முடியாது. ஒரு வாரம் பொறுத்தால் அது 97 ஆகிறது. பெட்டியின் 99ஐப் பார்த்து நம்பிய எனக்கு, இந்த 90ஐ அதே எழுத்தளவில் பக்கத்தில் அச்சிட்டால் என்ன என்று தோன்றியது.

5 ஜூலை, வெள்ளி

மருத்துவர் சொல்லி இரத்தத்தில் அதே ஹார்மோனின் அளவை, பீட்டா எச்.சி.ஜி., பார்த்தோம். ஐந்துக்குக் கீழே இருந்தால் இல்லை என்று பொருள். மாலை ஆறு மணிக்கு வந்த தாளில் 48 என்று இருந்தது. இவரிடம் காட்டியபோது, இது நல்ல எண்ணா கெட்ட எண்ணா என்று கேட்டார், எனக்கும் தெரியவில்லை. ஒரே ஓர் அளவை வைத்து எதுவும் சொல்ல இயலாது, 48 மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்றார் மருத்துவர்.

7 ஜூலை, ஞாயிறு

104.

27 ஜூலை, சனி

முதல் ஸ்கேன். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணும் வழக்கப்படி, என் கணக்கில் இன்று சரியாக எட்டு வாரம். திரையில் அரிசிமணி போலத் துடித்ததை அளந்து ஏழு வாரம் என்றார்கள். ஒரு வாரம் குறைகிறதே என்று நெஞ்சு பதறியது. மருத்துவர் நிதானமாக விரல்விட்டு எண்ணிக் காட்டினார். ஏறத்தாழ ஜூன் 14இல் வெளிவர வேண்டிய கருமுட்டை, 21ஆம் தேதி வாக்கில்தான் வந்திருக்கிறது. நான் விடியற்காலையில் முதல் கார்டைப் பார்த்துக்கொண்டிருந்த 29ஆம் தேதி, கருவுக்கு எட்டே நாள். அது ஒட்டியிருந்ததோ இல்லையோ, கார்டு காட்டும் அளவுக்கு எதுவும் சுரந்திருக்காது. நான் முதல் நாள் படிவத்தில் மார்ச் 8 என்று எழுதிக் கொடுத்திருந்த பிரசவத் தேதியை அடித்துவிட்டு, அதன் மேலே மார்ச் 15 என்று எழுதினார்.