ஒரு மொழியும் ஒழுங்கா வராதாம்

மலேசியாவில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் விரிவுரையாளராக இருக்கிறேன். புதிதாக வரும் பிள்ளைகளிடம் என்னென்ன மொழி தெரியும் என்று பேச்சுவாக்கில் கேட்பதுண்டு. தமிழ்ப்பள்ளியில் படித்து வந்தவர்கள் பெரும்பாலும் சொல்வது இதுதான்: "எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வரும் டாக்டர், ஒண்ணும் ஒழுங்கா வராது."

இப்படிச் சொன்ன ஒரு பெண்ணை ஆய்வுக்கூடத்தில் பார்க்க வேண்டும். கான்கிரீட் கியூபை இயந்திரத்தில் வைத்து நசுக்கும் சோதனை. சரவாக் மாநிலத்திலிருந்து வந்த இபான் பழங்குடிப் பையனிடம் மலாயில் பேசி இயந்திரத்தை ஓடவிடுகிறாள். சீனப்பள்ளியில் படித்த தோழிக்கு அளவுகளை ஆங்கிலத்தில் சொல்கிறாள். நடுவிலேயே அடுத்த மேசைப் பக்கம் திரும்பி, "ஏய், ரிப்போர்ட் சுடா ஹந்தாரா?" என்கிறாள்; அறிக்கையைக் கொடுத்தாச்சா என்று மலாய் கலந்த கேள்வி. அங்கிருக்கும் கிளந்தான் மாநிலப் பையன் தன் வட்டார மலாயில் ஏதோ முணுமுணுக்க, இவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். கோலாலம்பூர் மலாய்க்காரர்களுக்கே கிளந்தான் பேச்சு லேசில் பிடிபடாது!

பிறகு ஏன் அந்தப் பதில்? எனக்குப் பரீட்சைகள் மேல்தான் சந்தேகம். ஆறு வருடம் தமிழில் படிப்பு, அப்புறம் இடைநிலைப் பள்ளியில் பெரும்பாலும் மலாய். மலாய் போதாதவர்களைப் படிவம் ஒன்றுக்கு முன் ஒரு வருடம் புகுமுக வகுப்பில் உட்கார வைப்பார்கள். இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் மலாய் தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது. பல்கலைக்கழகம் என்றால் மூயெட் ஆங்கிலத் தேர்வு. இவர்களுடைய அண்ணன், அக்காமார் காலத்தில் இன்னொரு கூத்து: 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்குப் போய், பிறகு பழையபடி திரும்பின. ஒவ்வொரு வாசலிலும் ஒரு மொழியைத் தனியாகப் பிரித்து எடை போட்டு, குறைகிறது என்றே சொல்லி அனுப்பினால் பிள்ளை என்ன நினைக்கும்? இத்தனை மொழியையும் ஒரே மேசையில் புழங்கத் தெரிந்ததற்கு மதிப்பெண் தரும் தாள் ஒன்றும் இல்லை.

கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கில், வீட்டிலும் ஆங்கிலமே பேசி வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் வந்துவிட்டால் இவள் குரல் இறங்கிவிடும். வேடிக்கை என்னவென்றால், அவர்களில் ஒருவன் என் அறைக்கு வந்து, தமிழ்ச் சங்க அறிவிப்பை வாசிக்கத் தெரியாததை வெட்கத்தோடு சொல்லிவிட்டுப் போனான். ஒருவர் வெட்கம் மற்றவருக்குத் தெரியாது.

அறிக்கை ஆங்கிலத்தில்தான் வர வேண்டும் என்பதில் நான் கண்டிப்பு. நாளை வேலையிடத்தில் அதைத்தான் கேட்பார்கள். ஆனால் சோதனை நடக்கும்போது எந்த மொழியில் வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறேன். சக விரிவுரையாளர் ஒருவருக்கு இதில் உடன்பாடில்லை. ஆங்கிலம் எப்போதுதான் பழகுவார்கள் என்கிறார். அவர் வகுப்பில் சத்தமே இருக்காது. கியூப் உடையும் சத்தம் மட்டும் கேட்கும்.