மென்பொருள் சொன்னது 32, பெட்டி சொல்வது 29: ஒரு ஸ்லாட் போர்ட்டோடு மல்லுக்கட்டு

நான் கட்டிய ஸ்பீக்கர் பெட்டி இது: நிகரமாக 50 லிட்டர், 32 ஹெர்ட்ஸ் டியூனிங் (போர்ட்டின் காற்று பெட்டியோடு ஒத்ததிரும் அதிர்வெண்), 30 × 3 செ.மீ. ஸ்லாட் போர்ட் (பலகை வைத்துக் கட்டிய தட்டையான காற்றுவழி). பெட்டி வடிவமைப்பு மென்பொருள் கொடுத்த போர்ட் நீளம் 44.9 செ.மீ. 45 என்று வைத்து வெட்டி, ஒட்டி, வூஃபரை (தாழ்வொலி ஸ்பீக்கரை) மாட்டி இம்பீடன்ஸ் (அதிர்வெண்ணுக்கேற்ப மாறும் மின் எதிர்ப்பு) வரைபடம் எடுத்துப் பார்த்தால் இரண்டு முகடுகளுக்கு நடுவில் டியூனிங்கைக் காட்டும் பள்ளம் 32-இல் இல்லாமல் 29-இல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. மூன்று ஹெர்ட்ஸ்தானே, காதுக்கா தெரியப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. வட்டக் குழாய் போட்ட பெட்டிகளில் இதே மென்பொருள் அரை ஹெர்ட்ஸ் பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தது. ஸ்லாட் என்றதும் மட்டும் ஏன் தடுமாறுகிறது என்பது பிடிபடாமல் எனக்கு அடுத்த வேலை ஓடவில்லை.

முதலில் அளவீட்டையே சந்தேகப்பட்டேன். 100 ஓம் ரெசிஸ்டரும் சவுண்ட் கார்டும் வைத்து ஆர்இடபிள்யூ என்ற அளவீட்டு மென்பொருளில் எடுத்த வரைபடம் அது. ஒரு சாட்சி போதாது என்று மைக்கை வூஃபரின் கூம்புக்கு ஒட்டினாற்போல வைத்தும் எடுத்தேன். ஒலிப் பொறியாளர் கீல் 1974-இல் எழுதி வைத்த அருகாமை அளவீட்டு முறைதான். போர்ட் முழு வேகத்தில் வேலை செய்யும் அதிர்வெண்ணில் கூம்பு கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும், அங்கே வரைபடம் குழி விழும். அந்தக் குழியும் 29-இல்தான். சரி, அளவீடு தப்பில்லை.

அடுத்த சந்தேகம் கொள்ளளவு. போர்ட் பலகையும் பிரேஸும் (உள்ளே தாங்கும் சட்டம்) வூஃபரின் காந்தமும் அடைத்துக்கொண்ட இடத்தைச் சரியாகக் கழிக்காமல் விட்டால் கணக்கு பிசகும் என்பது தெரிந்ததே. ஆனால் திசையைப் பாருங்கள். பெட்டி நினைத்ததைவிடச் சிறியதாகிவிட்டால் டியூனிங் ஏறும். இங்கே இறங்கியிருக்கிறது. உள்ளே ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துவிட்டு மறுபடி அளந்தேன், பள்ளம் லேசாக நகர்ந்ததோடு சரி, மூன்று ஹெர்ட்ஸுக்கு அது கணக்குச் சொல்லாது. காற்றுக் கசிவு முகடுகளைக் குட்டையாக்குமே தவிர இவ்வளவு தூரம் கீழே இழுக்காது. மிச்சம் இருந்தது போர்ட்டின் செயல் நீளம் ஒன்றுதான், அதாவது பலகையின் நீளத்தோடு முனைகளில் கூடவே அசையும் காற்றையும் சேர்த்த நீளம்.

இனி நான் மாட்டிக்கொண்ட இடம். 90 சதுர செ.மீ. பரப்பு என்றால் அதற்குச் சமமான வட்டக் குழாயின் விட்டம் 10.7 செ.மீ. இந்தப் பரப்பும் 50 லிட்டரும் 32 ஹெர்ட்ஸும் சேர்ந்து கேட்கும் செயல் நீளம் 52.7 செ.மீ. குழாய்க்கு வெளியேயும் கொஞ்சம் காற்று கூடவே அசைவதால், எண்ட் கரெக்‌ஷன் என்று விட்டத்தை 0.732-ஆல் பெருக்கி, அதாவது 7.8 செ.மீ., கழித்துவிடுகிறது மென்பொருள். அப்படி வந்ததுதான் 44.9. இந்த 0.732 வானத்திலிருந்து குதித்த எண் இல்லை. ஒரு முனை பலகையோடு சமமாக முடிந்தால் ஆரத்தில் 0.85 பங்கு, இன்னொரு முனை வெட்டவெளியில் முடிந்தால் 0.61 பங்கு, இரண்டையும் கூட்டி விட்டத்துக்கு மாற்றினால் அதுதான் வரும். வட்டக் குழாயை முன்பலகையில் செருகி, மறுமுனை பெட்டிக்கு நடுவில் அந்தரத்தில் நிற்கும்போது அது அச்சு அசலாகப் பொருந்தும்.

என் ஸ்லாட்டின் உள்முனை அந்தரத்தில் இல்லை. அடிப்பலகை பெட்டியின் அடிப்பலகையேதான். இரண்டு பக்கச் சுவர்களும் பெட்டியின் சுவர்களே. போர்ட் முடிந்த பிறகும் மூன்று சுவர்கள் பின்பலகை வரை தொடர்ந்து போகின்றன. வெளியே வரும் காற்று நாலாபக்கமும் விரிய முடியாமல் அந்தச் சுவர்களை ஒட்டியே கொஞ்ச தூரம் போகிறது. அடிப்பலகையைக் கண்ணாடி என்று வைத்துக்கொண்டால், 3 செ.மீ. உயர ஸ்லாட் அதில் தெரியும் தன் பிம்பத்தோடு சேர்ந்து 6 செ.மீ. ஸ்லாட் மாதிரி நடந்துகொள்கிறது. பக்கச் சுவர்களுக்கும் இதே கதைதான். எனவே அசையும் காற்றின் நிறை கூடுகிறது, டியூனிங் இறங்குகிறது.

29-ஐ வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால் செயல் நீளம் 64.2 செ.மீ. அதில் பலகையின் நீளத்தைக் கழித்தால் 19.2 செ.மீ., விட்டத்தில் 1.8 பங்கு. மென்பொருள் வைத்திருந்ததோ 0.732. இரண்டரை மடங்கு வித்தியாசம்! ஸ்லாட் போர்ட்டுக்கு 2.2 வரை போட்டுக்கொள்ளச் சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். என் பெட்டிக்கு அதைப் போட்டால் 28 ஹெர்ட்ஸ் வருகிறது, அது மறுபக்கம் தாண்டிப்போகிறது. ஸ்லாட் எவ்வளவு தட்டை, எத்தனை சுவர் பொது, பின்பலகை எவ்வளவு கிட்டே என்பதைப் பொறுத்து இந்த எண் மாறும் என்பதால் யாரோ ஒருவருடைய எண்ணைக் கடன் வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஸ்பீக்கர் பெட்டிக் கணக்கை வகுத்த தீல் 1961-இல் எழுதிய கட்டுரையும் ஸ்மால் 1972, 73-இல் எழுதிய தொடரும்தான் நாம் பயன்படுத்தும் இந்த மென்பொருள்கள் எல்லாவற்றுக்கும் அடித்தளம். அந்தக் கணக்கு இத்தனை வருடமாக அசையாமல் நிற்கிறது. எனக்குக் கோபம் வந்தது 0.732 இருக்கும் இடத்தைப் பார்த்துத்தான். வட்டம், சதுரம், ஸ்லாட் என்று அழகாக மூன்று படம் போட்டுத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும் உள்ளே ஓடுவது ஒரே எண். அந்த எண் திரையில் எங்கும் கிடையாது, மாற்றவும் வழியில்லை. ஸ்லாட் படத்தைப் போட்டுவிட்டுக் குழாய்க் கணக்கைக் கொடுப்பது என்ன நியாயம்?

அதனால் அந்த மென்பொருளை எழுதியவருக்கே கடிதம் போட்டேன். வெறுமனே ‘உங்கள் மென்பொருள் தவறு’ என்று எழுதினால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். இம்பீடன்ஸ் கோப்பு, கூம்பருகே எடுத்த அளவீடு, பெட்டியின் உள்ளளவுகள், போர்ட் எந்தெந்தச் சுவரோடு ஒட்டியிருக்கிறது என்று கையால் போட்ட படம், எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினேன். கேட்டது இரண்டே விஷயம். முதலாவது, எண்ட் கரெக்‌ஷன் எண்ணை வெளியே கொண்டுவந்து, மாற்றும்படி ஒரு கட்டம். இரண்டாவது, அளந்த டியூனிங்கை உள்ளிட்டால் அந்த எண்ணைத் தானே கணக்கிட்டுச் சொல்லும் வசதி. இரண்டாவதுதான் உண்மையில் பெரியது. ஒரு பெட்டி கட்டி அளந்துவிட்டால் அடுத்து அதே மாதிரி கட்டும் பத்துப் பெட்டிக்கும் அது உதவும்.

‘பொருட்களின் வேறுபாட்டால் இந்த அளவு விலகல் இயல்பே’ என்று முதலில் ஒரு பதில் வந்தது. எதிர்பார்த்ததுதான். வூஃபரின் எஃப்எஸ் (தனி ஒத்ததிர்வு), விஏஎஸ் (அதன் நெகிழ்வுக்குச் சமமான காற்றின் கொள்ளளவு) எப்படி மாறினாலும் நடுப்பள்ளம் பெட்டியையும் போர்ட்டையும் பொறுத்ததே, வூஃபர் மேல் பழி போட முடியாது என்று பணிவாக எழுதினேன். கூடவே வேறொரு வூஃபரை அதே பெட்டியில் மாட்டி எடுத்த வரைபடத்தையும் வைத்தேன். முகடுகள் இரண்டும் இடம் மாறியிருக்கின்றன, பள்ளம் அதே 29. அதற்குப் பிறகு அவர் போக்கே மாறிவிட்டது. பக்கச் சுவர் ஒன்று மட்டும் பொதுவாக இருக்கும் பெட்டியின் அளவீடு கிடைக்குமா, போர்ட் முனைக்கும் பின்பலகைக்கும் எவ்வளவு இடைவெளி என்றெல்லாம் அவரே கேட்க ஆரம்பித்தார். இப்போது சோதனைப் பதிப்பில் நான் முதலாவதாகக் கேட்ட கட்டம் வந்துவிட்டது. இரண்டாவது ‘பார்க்கிறேன்’ என்ற நிலையில் இருக்கிறது.

சூடு ஆறுவதற்குள் மற்ற குறைகளையும் கொட்டிவிட்டேன். போர்ட்டில் காற்று வேகம் காட்டும் வரைபடத்தில் வருவது உச்ச மதிப்பா, ஆர்எம்எஸ்ஸா (ஒருவகைச் சராசரி) என்று எங்கும் எழுதவில்லை. போர்ட் இரையாமல் இருக்க நொடிக்கு 17 மீட்டரைத் தாண்டாதே என்று நாமெல்லாம் பிடித்துக்கொண்டிருக்கும் எல்லை, இது தெரியாவிட்டால் எதற்கு? இரண்டுக்கும் நடுவில் 1.41 மடங்கு இருக்கிறது.

வூஃபர் விவரம் உள்ளிடும் பக்கம் இன்னொரு தலைவலி. தரவுத்தாளில் க்யூஇஎஸ் 0.40, க்யூஎம்எஸ் 4.5, க்யூடிஎஸ் 0.39 என்று இருந்தது (வூஃபரின் அசைவு எவ்வளவு தணிகிறது என்று சொல்லும் எண்கள்: மின்சார வழி, இயந்திர வழி, இரண்டும் சேர்ந்தது). முதல் இரண்டிலிருந்து கணக்கிட்டால் 0.367 வர வேண்டும். தரவுத்தாள் தன்னோடு தானே முரண்படுவது புதிதல்ல. ஆனால் மென்பொருள் சத்தமில்லாமல் ஒன்றை அழித்து இன்னொன்றைப் போட்டுக்கொள்கிறது. எதைக் கடைசியில் தட்டினோமோ அது ஜெயிக்கும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று ஒரு வரி சிவப்பில் காட்டினால் போதும், முடிவை நான் எடுத்துக்கொள்கிறேன்.

(இந்த விஷயத்தில் வூஃபர் விற்பவர்கள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. ஒவ்வொரு வூஃபரோடும் அளந்த சீட்டு வைத்து அனுப்பும் சிறு விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். பெரிய பெயர்களோ ஏதோ ஒரு காலத்தில் அச்சடித்த தாளையே இன்னும் நகலெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். வாங்கியதும் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நாமே அளந்துகொள்வதுதான் நிம்மதி.)

வெட்டுப் பட்டியலைப் பற்றி எழுதினால் தனிக் கதையாகிவிடும். சுருக்கமாக: 18 மி.மீ. என்று வாங்கும் பலகை காலிப்பரில் 17.4 காட்டும். பலகையின் தடிமனை ஒரே இடத்தில் மாற்றினால் எல்லாத் துண்டுகளும் மாற வேண்டும். இங்கே வெளிப்பலகைகள் மாறுகின்றன, போர்ட் பலகையும் பிரேஸும் பழைய 18-இலேயே நிற்கின்றன. ரம்பத்தின் வாய் தின்னும் 3 மி.மீ.யையும் சேர்ப்பதில்லை. பலகைக் கடையில் அந்தத் தாளை அப்படியே கொடுத்தால் கடைசித் துண்டு குட்டையாகத்தான் வரும். நான் இன்னமும் விரிதாளில் தனியாகப் போட்டுத்தான் எடுத்துப்போகிறேன்.

சரி, பெட்டிக்கு வருகிறேன். பின்பலகையை நான் எப்போதும் ஒட்டுவதில்லை, நுரை நாடா வைத்துத் திருகுதான். அதனால்தான் இந்த விளையாட்டெல்லாம் சாத்தியமாயிற்று. திரும்ப 32-க்குக் கொண்டுவர எவ்வளவு வெட்ட வேண்டும் என்பதிலும் ஒரு சின்னச் சூட்சுமம். நேராகக் கழித்தால் 33.5 செ.மீ. நீளம் வருகிறது, அதாவது 11.5 வெட்டினால் போதும். ஆனால் போர்ட்டைக் குறைக்கக் குறைக்க, அது அடைத்திருந்த இடமும் பலகையின் தடிமனும் பெட்டிக்குத் திரும்பக் கிடைக்கின்றன. பெட்டி பெரிதாகிறது, டியூனிங் மறுபடி கொஞ்சம் இறங்குகிறது. இதையும் சேர்த்துச் சுற்றிச் சுற்றிக் கணக்குப் போட்டால் 31.5 செ.மீ.யில் நிலைக்கிறது. வெட்ட வேண்டியது 13.5. கணினிக்கு இது கண்சிமிட்டும் நேரத்து வேலை, ஆனாலும் நான் கையால்தான் போட்டேன். இதையும் கடிதத்தில் சேர்த்திருக்கிறேன்.

ஒரேயடியாக வெட்டாமல் முதலில் 35-க்குக் குறைத்தேன். வெட்டியதை ஒட்ட முடியாது என்பதோடு, 1.8 என்ற எண் இன்னொரு நீளத்திலும் நிற்கிறதா என்று பார்க்கும் ஆசையும் இருந்தது. அந்த நீளத்துக்கு என் கணக்கு சொன்னது 31.1 ஹெர்ட்ஸ். அளந்தால் 31. இதைக் கொஞ்சம் பெருமையாகவே எழுதுகிறேன்! மிச்சம் 3.5 செ.மீ.யை வெட்டினால் 32 வந்துவிடும், ஆனால் ஒரு ஹெர்ட்ஸுக்காக மறுபடி ரம்பத்தை எடுக்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. இன்னொரு லாபமும் இருக்கிறது. போர்ட் குட்டையானதால் அதன் குழல் ஒத்ததிர்வு மேலே போகிறது. 45 செ.மீ.யில் 380 ஹெர்ட்ஸை ஒட்டி வர வேண்டியது, 35-இல் 490 பக்கம். உண்மையில் முனைகளின் காற்றும் சேர்வதால் இரண்டுமே இதைவிடக் கொஞ்சம் கீழேதான் விழும். எப்படியும் சப்வூஃபராக 80 ஹெர்ட்ஸுக்கு மேலான ஒலியை வெட்டிவிடப்போகிறேன், தொல்லையில்லை.

போர்ட்டின் இரு முனைகளையும் மரம் செதுக்கும் ரவுட்டரால் உருட்டிவிட வேண்டும், இன்னும் செய்யவில்லை. உருட்டினால் செயல் நீளம் கொஞ்சம் குறைந்து டியூனிங் ஒரு முடி ஏறும். அது 32-ஐ நோக்கித்தான் என்பதால் அந்த வேலையை ஆறப்போட்டிருக்கிறேன். முன்பலகைக்கு வண்ணமா வெனீரா என்பதும் முடிவாகவில்லை.

அதற்குள் மனசு அடுத்த பெட்டிக்குத் தாவிவிட்டது. பாஸிவ் ரேடியேட்டர் (மின் இணைப்பில்லாமல் பெட்டிக் காற்றால் மட்டும் அசையும் கூம்பு) வைத்து 25 லிட்டருக்குள் ஒன்று. போர்ட்டே இல்லாததால் முனைத் தகராறு கிடையாது, எடையை ஏற்றி இறக்கி டியூன் செய்யலாம். ரேடியேட்டர் தள்ளும் காற்று வூஃபர் தள்ளுவதைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும் என்பதால் இரண்டு ரேடியேட்டர்களை எதிரெதிர்ப் பக்கத்தில் வைக்கும் யோசனை, குலுக்கலும் அடங்கும். மென்பொருளில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ரேடியேட்டர் ஒன்றுதான் போட முடிகிறது. இரண்டு என்று சொல்ல இடமில்லை, பரப்பையும் நிறையையும் நாமே இரட்டிப்பாக்கிக்கொள்ள வேண்டும், விஏஎஸ்ஸையும் கூடவே இரட்டிப்பாக்க மறக்கக் கூடாது. கூட்டும் எடை கிராமா அவுன்ஸா என்றும் போடவில்லை. இந்த இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன், முனைக் கணக்கு விஷயத்தில் அவருடைய அடுத்த பதில் வந்ததும் அனுப்புவேன்.