ஒரே கிணற்றை எத்தனை முறை வெட்டுவது?

அரசுத் துறைகளுக்குப் பொதுவான தொழில்நுட்ப அறிவு நூலகம் ஒன்றுக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறோம். ஒரு துறை செய்து கற்றதை மற்றத் துறைகளும் எடுத்துப் பயன்படுத்துவதற்காக. முதல் கூட்டத்தில் எல்லோரும் எந்த மென்பொருள் வாங்கலாம் என்றுதான் பேசினார்கள். அலமாரிக்கு என்ன அவசரம்? உள்ளே வைக்கச் சரக்கு வேண்டாமா?

ஒரு துறையின் கோப்புகளைத் திறந்து பார்த்தேன். 'இறுதி', 'இறுதி 2', 'உண்மையான இறுதி' என்று ஒரே டெண்டர் ஆவணம் மூன்று இருந்தது. எது செல்லும் என்று தெரிந்தவர் மாற்றலாகிப் போய்விட்டார். அதனால் ஒவ்வொரு பதிவிலும் பொறுப்பாளரின் பதவியும் கடைசியாகச் சரிபார்த்த தேதியும் கட்டாயம் என்றேன். பெயர் வேண்டாம். ஆள் மாறுவார், நாற்காலி இருக்கும்.

துறைகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வது நடக்காத காரியம் என்று ஒருவர் இழுத்தார். எஸ்டோனியா 2001இல் தொடங்கிய எக்ஸ்-ரோடு தரவுப் பரிமாற்ற அமைப்பைப் பின்லாந்தும் எடுத்துக்கொண்டது. அதைப் பராமரிக்க 2017இல் இரண்டு நாடுகளும் சேர்ந்து தனி நிறுவனமே தொடங்கின. நாடு விட்டு நாடு பகிரும்போது மாடி விட்டு மாடி முடியாதா?

கடவுச்சொற்களை நூலகத்தில் வைக்கக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது!

சரி, எனக்கு அதிகம் வேண்டியது தோற்றுப்போன திட்டங்களின் குறிப்புகள். ஏன் நின்றது, எங்கே சறுக்கியது என்று. அதை எழுத இன்னும் ஒரு கைகூட உயரவில்லை.