கரண்ட் இல்லாத நாளில் பாப்பா பல் கடிக்கவில்லை

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே தறிக்கூடம். நாலு பவர்லூம். காலை ஏழு மணிக்கு ஓட ஆரம்பித்தால் ராத்திரி எட்டு வரைக்கும் சத்தம்தான். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்குத் தலை வலிக்கும். ஒரு மாதத்தில் பழகிவிட்டது. பாப்பாவுக்கும் பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம்தானே, பழகியிருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

இரண்டரை வயதில் பல் கடிக்க ஆரம்பித்தாள். ராத்திரி மட்டும் என்றால் பரவாயில்லை, பகலிலும் கடித்தாள். மாவாட்டும்போது கிரைண்டரில் மணல் விழுந்தால் ஒரு சத்தம் வருமே, அப்படி இருக்கும். பக்கத்து அறையில் இருந்தாலும் எனக்கு உடம்பு கூசும். "கடிக்காத" என்று சொன்னால் ஒரு நிமிடம் நிறுத்துவாள், அப்புறம் இன்னும் வேகமாகக் கடிப்பாள். கன்னத்தில் லேசாகத் தட்டியும் பார்த்திருக்கிறேன். இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

"பூச்சிதான் கண்ணு, மாத்திர குடு, சரியாப் போயிரும்" என்றார் அத்தை. அங்கன்வாடியில் குடற்புழு நீக்க நாளில் தருகிற அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரையை ஏற்கெனவே கொடுத்திருந்தோம். பூச்சி மருந்து எல்லாக் குழந்தைக்கும் தேவைதான், பல் கடிப்பது அதனால் நிற்காது என்று குழந்தை டாக்டர் சொன்னார். காது, தொண்டை, குறட்டை, நெஞ்செரிச்சல் எல்லாம் அவரே விசாரித்தார். காதில் சீழோ, தொண்டையில் சதை வீக்கமோ இருந்தாலும் பிள்ளைகள் பல் கடிக்குமாம். அது எதுவும் பாப்பாவுக்கு இல்லை.

முதலில் போன ஒரு பல் கிளினிக்கில், "அடம், கொஞ்சம் கண்டிச்சு வளருங்க" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் நிதானமானவர். மேல் கோரைப் பல்லின் முனை தேய்ந்து தட்டையாகியிருப்பதைக் கண்ணாடியில் எனக்குக் காட்டினார். 20 பால் பல்லும் எப்படியும் விழுந்து முளைப்பவைதான், தாடை வளர்கிற வயதில் பல்லுக்கு உறை போட வேண்டாம், கூச்சமோ வலியோ இருந்தால் உடனே வாருங்கள் என்றார். அவ்வளவுதான் வைத்தியம்.

பாப்பா ஏன் கடிக்கிறாள் என்பதற்கு ஒரு துப்பு மின்வாரியத்தால் கிடைத்தது. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதுக்குக் கரண்டை நிறுத்தினார்கள். தறி நின்றது. மதியம் சோறு ஊட்டும்போதுதான் உறைத்தது, காலையிலிருந்து அந்த நறநற சத்தமே இல்லை. கரண்ட் வந்து மோட்டார் ஓடியதும் பத்து நிமிடத்தில் ஆரம்பித்துவிட்டாள்.

அப்புறம் ஒரு பழைய பால் கணக்கு நோட்டில் மூன்று வாரம் எழுதி வைத்தேன். எப்போது கடித்தாள், அதற்கு முன்னால் என்ன நடந்தது, இரண்டே கட்டம். தறிச் சத்தம், குக்கர் விசில், தலைக்குக் குளிப்பாட்டுவது, விருந்தாளிகள் என்று காரணங்கள் வந்தன. ஆனால் ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் கடித்திருந்தாள். அது எனக்குப் புரியவில்லை.

அந்த நோட்டோடு, பிள்ளைகளின் அன்றாடப் பழக்கங்களுக்குப் பயிற்சி தருகிற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டிடம் போனோம். சட்டைக் காலர் பட்டியைக் கிழிப்பது, நுனிக்காலில் நடப்பது எல்லாம் சொன்னேன். அந்தப் பெண் நோட்டைப் புரட்டிவிட்டு, "அக்கா, ரெண்டு காதையும் விரலால அடைச்சுக்கிட்டு பல்லைக் கடிச்சுப் பாருங்க" என்றார். கடித்தேன். மண்டைக்குள் முழுக்க அந்தச் சத்தம்தான். வெளியே மேசையில் அவர் பேனாவால் தட்டியது காதிலேயே விழவில்லை. "வெளிச்சத்தத்தை அவ இப்படித்தான் மறைக்கிறா" என்றார். சும்மா இருக்கும்போது கடிப்பது வேறு. தாடையில் அழுத்தி மெல்லும் தசை பலமானது, அந்த அழுத்தம் மூளைக்கு ஒரு திடமான சேதி மாதிரி. அது வேண்டும் என்று தேடுகிறாள். நிறுத்தச் சொல்வதைவிட அதே அழுத்தத்தை வேறு வழியில் கொடுங்கள் என்றார்.

ஆன்லைனில் வாங்கிய மெல்லும் சிலிக்கோன் குழாயை வாசனை பிடிக்காமல் எறிந்தாள். நாலு நாள் வெந்நீரில் அலசிக் காயப்போட்டும் தொடவில்லை. ஈரத்துண்டை முறுக்கி பிரிட்ஜில் வைத்துக் கொடுத்ததைத்தான் ஏற்றுக்கொண்டாள். குழாயை எடுத்துக்கொள்ள இரண்டு மாதமானது. கடித்துக் கடித்துக் கீறல் விழுந்தால் மாற்றிவிட வேண்டும், பிய்ந்த துண்டு தொண்டைக்குள் போய்விடும்.

சாப்பாட்டில் குழைந்த சாதத்தைக் குறைத்து, அரைப்பழமான கொய்யா, தேங்காய்ச் சில்லு, கரும்பு, காய்ந்த சப்பாத்தி என்று கொண்டுவந்தோம். உட்கார வைத்து, பக்கத்திலேயே இருந்துதான் தருவோம். முழு வேர்க்கடலை மட்டும் தருவதில்லை, மூச்சுக்குழலில் மாட்டும். எங்கள் ஊர் தட்டுவடை செட்டில் சட்னியும் காய்கறியும் வேண்டாம், வெறும் தட்டுவடை மட்டும் போதும் அவளுக்கு. கெட்டியான கேப்பங்கூழை ஸ்ட்ராவில் உறிஞ்சுவது அத்தை கண்டுபிடித்தது. கன்னம் உள்ளே ஒட்ட உறிஞ்சுவாள், அடுத்த அரைமணி நேரம் பல் சத்தம் இருக்காது.

கனமான வேலையும் கொடுக்கச் சொன்னார்கள். நூல் கட்டு வைத்த கூடையைக் கூடத்திலிருந்து வாசல் வரை தள்ளிக்கொண்டு வருவாள். அப்பாவுக்கு உதவி என்று நினைக்கிறாள், இருக்கட்டும்.

காதை மூடுகிற ஹெட்போனை முதலில் இரண்டு நிமிடம்தான் போட்டாள். தறிக்கூடத்துச் சுவரில் பழைய மெத்தைகளைத் தொங்கவிட்டோம். மதியம் அவள் தூங்கும் ஒரு மணி நேரம் தறியை நிறுத்துகிறார் அவர். எத்தனை மீட்டர் போச்சு என்று கணக்குப் பார்க்காமலில்லை, ஆனாலும் நிறுத்துகிறார்.

போன மாதம் ஏற்காடு போனோம். 20 கொண்டை ஊசி வளைவு, காது அடைக்கும் என்று பயந்துகொண்டே பையில் கரும்புத்துண்டு எடுத்துப்போனேன். பத்தாவது வளைவில் பல் கடிக்க ஆரம்பித்தவள், என் பையைப் பார்த்துக் கையை நீட்டினாள். கேட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை.

ராத்திரி தூக்கத்தில் இன்னும் கடிக்கிறாள். தூக்கத்தில் கடிப்பது வேறு வகை, வளர வளரக் குறையும் என்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல்லைக் காட்டுகிறோம். பால் கணக்கு நோட்டில் இன்னும் பத்துப் பக்கம் பாக்கி.